கணக்கில் விடுபட்டவர்கள்

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.

அன்புள்ள அம்முணிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதையே நான்கு நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டனில் நீ வேலை செய்யும் மருத்துவ நிலையத்தின் தர மதிப்பீட்டுக் கணக்கை மார்ச் 31-க்குள் முடிக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்றாய். அழைத்தும் வராத சர்க்கரை நோயாளிகளைக் கணக்கிலிருந்து விலக்கிவிட விதியில் இடம் இருக்கிறது, விலக்கினால் புள்ளி கூடும், ஆனால் மனம் ஒப்பவில்லை என்றும் சொன்னாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மருத்துவரின் வேலையை அளக்கவே கூடாது என்பவர்களோடு நான் சேரமாட்டேன். 2004-ல் பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களுக்கு 146 அளவுகோல்களும் 1,050 புள்ளிகளும் வைத்து, வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கை அவற்றோடு இணைத்தார்கள் என்று முன்பொருமுறை நீதான் விளக்கினாய். சர்க்கரை, ஆஸ்துமா நோயாளிகளின் கவனிப்பு முதலில் விரைவாக மேம்பட்டது, பின்னர் அந்த வேகம் தணிந்தது, புள்ளி வைக்கப்படாத வேலைகள் சில பின்தங்கின, ஸ்காட்லாந்து 2016-ல் அந்த முறையையே கைவிட்டது என்றும் சொன்னாய். கேட்டபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. புள்ளிக்காக வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதை நான் இங்கேயே பார்த்திருக்கிறேன்.

1984-ல் நான் சப் சென்டரில், அதாவது கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில், நர்ஸாகச் சேர்ந்தபோது எங்களுக்கும் ஆண்டு இலக்கு இருந்தது. டார்கெட் என்றுதான் சொல்வோம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு இத்தனை பேர், காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்துக்கு இத்தனை பேர் என்று ஏப்ரலிலேயே எண் வந்துவிடும். 1971-ல் எறணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் 63,000-க்கும் அதிகமான ஆண்களுக்கு அறுவை செய்ததை மூத்தவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்த ஆண்கள் அதன்பின் எப்படி இருந்தார்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1996 ஏப்ரலில் மத்திய அரசு அந்த இலக்குகளை நீக்கியபோது எங்களில் பலருக்கு மூச்சு வந்தது.

ஆனால் உன்னிடம் சொல்ல நினைத்தது தடுப்பூசிக் கணக்கைப் பற்றி. ஓர் ஆண்டு என் பகுதியில் தட்டம்மை ஊசி நூற்றுக்கு நூறு என்று எழுதினேன். பதிவேட்டில் இருந்த ஒன்பது மாதக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் போட்டிருந்ததால் அது பொய்யில்லை. ஆனால் செங்கல் சூளையில் வேலைக்கு வந்து, மழைக்கு முன்பே ஊர் திரும்பிவிடும் குடும்பங்களை நான் பதிவேட்டில் சேர்த்திருக்கவில்லை. நிலையான முகவரி இல்லாதவர்களைச் சேர்த்தால் அடுத்த ஊசிக்கு ஆள் இருக்காது, விழுக்காடு இறங்கும் என்று மூத்த நர்ஸ் ஒருவர் சொன்னதைக் கேட்டு அப்படிச் செய்தேன். அந்தக் கோடையில் சூளையில்தான் தட்டம்மை வந்தது. கண்ணெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கிய ஒரு பெண் குழந்தையை அதன் தாய் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். குழந்தை பிழைத்தது. மறுநாள் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அதன் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த ஆண்டு எங்கள் மையத்துக்குப் பாராட்டும் கிடைத்தது. இதை உன் அப்பாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எனவே, அம்முணி, வராதவர்கள் என்று நீங்கள் விலக்கும் பட்டியலை நினைத்தால் எனக்கு அந்தச் சூளைதான் கண்ணில் வருகிறது. உண்மையாகவே மருத்துவம் வேண்டாம் என்பவரும், மருந்து ஒத்துக்கொள்ளாதவரும் அதில் இருப்பார்கள். அவர்களை விலக்குவது நியாயம். ஆனால் கடிதத்தைப் படிக்கத் தெரியாதவரும், படுத்த கணவனை விட்டு வெளியே வர முடியாதவரும் அதே பட்டியலில்தான் இருப்பார்கள். மருத்துவர் மிகவும் தேவைப்படுகிறவர்களே கணக்கிலிருந்து முதலில் கழிந்துபோகிறார்கள் என்றால் அந்தக் கணக்கு யாருக்காக?

நன்றாக வேலை செய்யும் மருத்துவருக்குப் பரிசு கொடுப்பதைப் பற்றியும் கேட்டாய். 2015-ல் இங்கே அரசு மருத்துவமனைகளுக்குக் காயகல்ப் பரிசு வந்தபோது, தொகையில் முக்கால் பங்கு மருத்துவமனை வசதிகளுக்கும் கால் பங்கு ஊழியர்களுக்கும் என்று வைத்தார்கள். அது பெரும்பாலும் தூய்மைக்கான பரிசு. நோயாளி குணமானதை அது அளக்கவில்லை. ஆனாலும் துடைப்பவர் முதல் மருத்துவர் வரை எல்லோருக்குமாக வந்தது என்பதை நான் மதிக்கிறேன். ஒரு மருத்துவர் பெயரில் மட்டும் பரிசு வந்தால், கடினமான நோயாளியைத் தவிர்க்கும் ஆசையும் அவரோடு வளரும். இன்னொன்று, நம் மாவட்டத்திலேயே அட்டப்பாடி மலைப்பகுதியில் வேலை செய்யும் மருத்துவரையும் பாலக்காடு நகரத்தில் இருப்பவரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது அநியாயம். மலையேறிப் போய்ச் சத்துக்குறைவோடு இருக்கும் கர்ப்பிணியைப் பார்ப்பவரை, அதே ஊரின் சென்ற ஆண்டுக் கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும்.

விதி அனுமதிப்பதை நீ செய்யக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நிலையத்தின் வருமானத்தில் மற்றவர்களின் சம்பளமும் அடங்கியிருக்கிறது. கணக்கை முடிக்கும் முன் ஒன்று மட்டும் செய். விலக்கப் போகும் பெயர்களைத் தாளில் எடுத்து, மாலையில் நாளுக்கு இரண்டு பேருக்காவது நீயே தொலைபேசி செய்து, ஏன் வரவில்லை என்று கேள். காரணத்தைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி, கூட்டத்தில் புள்ளிகளோடு அந்தத் தாளையும் வை.

அப்பா தென்னைக்குத் தண்ணீர் விடப் போயிருக்கிறார். வேளந்தாவளம் சித்தி உன்னைக் கேட்டாள். வரும் ஞாயிறு பேசும்போது, முதலில் யாரை அழைத்தாய், அவர் என்ன சொன்னார் என்று சொல்.

அன்புடன்,
அம்மா