ஓவியத்தில் பூஞ்சை கண்டால் முதலில் சுவரைப் பாருங்கள்

பழைய கட்டடங்களில் கலைக்கூடம் நடத்தும் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், பதிவாளர்களுக்கும், கட்டடப் பிரிவுப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

கட்டடம் பொறியாளர் பொறுப்பு, உள்ளே இருக்கும் ஓவியங்கள் காப்பாட்சியர் பொறுப்பு என்று கோப்பும் நிதியும் தனித்தனியாக ஓடுகின்றன. நூறாண்டு கடந்த சுண்ணாம்புக் கட்டடத்தில் இந்தப் பிரிவினை செல்லாது. சுவரில் ஏறும் ஈரம்தான் ஓவியத்தின் பின்புறத்தில் பூஞ்சையாகப் படர்கிறது. ஓவியத்தைச் சுத்தம் செய்து அதே சுவரில் திரும்ப மாட்டினால் அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை மறுபடி வரும்.

சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் நாளில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுகிறது. முழங்கால் உயரத்தில் நின்ற கறை இடுப்புக்கு வருகிறது. நீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உடைக்கிறது. அந்த இடத்தை விரலால் தட்டினால் உள்ளே பொள்ளல் கேட்கும். பெயர்த்தால் சிமென்ட் பலகை பலகையாக வரும். அதன் முதுகில் செங்கல் பொடி அப்பியிருக்கும். சிமென்ட் கெட்டி, பழைய செங்கல் மென்மை. தோற்பது எப்போதும் செங்கல்தான். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட்டும் இதே தீங்கைக் கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: பராமரிப்பு ஒப்பந்தப்புள்ளியில் சிமென்ட் பூச்சு என்று வரும் வரியை அடித்துவிடுங்கள்.

அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தி, மேலே மேலே தார் போட்டு உயர்ந்துவிட்ட பாதை: பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். வெளித்தரை உள்தரையைவிட 15 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். பிறகு சிமென்ட்டை உளியும் சுத்தியலும் கொண்டு எடுங்கள். இயந்திரம் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து பெயரும். சுவரில் தங்கிய உப்பை எடுக்கக் காகிதக்கூழை நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுக்க வேண்டும். ஒரு தடவையில் தீராது.

இனிதான் கடினமான பகுதி, காத்திருப்பது. சுவர்க் கனத்தில் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. 18 அங்குலச் சுவருக்கு ஒன்றரை ஆண்டு ஆகும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஈரச்சுவரை மூடுவதால்தான் நல்ல வேலைகூட வீணாகிறது. நிதியை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்து ஒதுக்குங்கள்.

பூசும்போது நீற்றி நன்றாக ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெல்லக் காயவிடுங்கள். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், தொட்டால் மாவாக உதிரும்.

கூடத்துக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது. 65-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பகலில் மட்டும் ஏ.சி. ஓட்டி மாலையில் அணைப்பது, ஏ.சி.யே இல்லாததைவிடக் கெடுதல். தினமும் ஓவியத்தின் கித்தான் துணி விறைத்துத் தளர்ந்து வண்ணம் செதில் செதிலாக எழும்பும். சட்டத்தின் பின்னால் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் ஓவியத்துக்கும் 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் ஒளி போதும், எண்ணெய் ஓவியங்களுக்கு 200.

ஈரம் மட்டுமல்ல, பொருளை வைக்கும் இடமும் முக்கியம்: கட்டடத்தின் அழகான மூலைகள் எல்லாம் காட்சிமேடை ஆகா. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் படிக்கட்டை ஒட்டிய ஜன்னல் திண்ணையில் மூன்று சீனப் பூச்சாடிகள் நின்றன. 2006-ல் பார்வையாளர் ஒருவர் படியில் தடுமாறி விழ, மூன்றும் நொறுங்கின. ஒட்டிச் சேர்க்க முடிந்தது என்பது அவர்கள் நற்பேறு.

சுவர் காயும் வரை அந்த அறையின் ஓவியங்களை அதிகாரிகளின் அறைகளுக்கு அனுப்ப வேண்டாம். ஒவ்வொன்றையும் முன்புறம், பின்புறம், நான்கு மூலை எனப் படமெடுத்து, பதிவெண்ணோடு உலர்ந்த சேமிப்பறையில் தரையைத் தொடாத அடுக்கில் நிற்க வையுங்கள். திரும்ப மாட்டும் தேதியைப் பொறியாளரும் காப்பாட்சியரும் சேர்ந்து கையெழுத்திட்டு முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பிலும் ஓவியப் பாதுகாப்பிலும் பணிபுரிவோர்