லைப்ரரி எழுதுவோருக்கு: லாக்கை எங்களிடம் விடுங்கள்

பெங்களூருவில் இருந்தபடி திறந்த மூல லைப்ரரிகளை எழுதியும் பராமரித்தும் வரும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் உழைப்பை இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள் குறை சொல்வது முறையா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆயினும் எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் செய்து பிழைக்கும் எங்களுக்காக ஒரு வேண்டுகோளை வைத்தாக வேண்டும்: எங்கள் மென்பொருளுக்குள் வந்து அமரும் லைப்ரரி (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்), தன் லாக்கை (நடப்பதைச் சொல்லும் பதிவு வரிகளை) தானாக எங்கும் எழுதக் கூடாது.

பில் விவரங்களை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் (நிரலின் வழக்கமான வெளியீட்டுப் பாதையில்) ஜேசான் என்ற தரவு வடிவில் வெளியிடும் ஒரு கருவியைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் பார்கோடு லைப்ரரி "ஸ்கேனர் தயார்" என்று ஒரு வரியை அங்கேயே அச்சிட்டால், அதை வாசிக்கும் அடுத்த நிரலின் பார்சர் முதல் எழுத்திலேயே தடுக்கி விழும். பிழைச் செய்திகளுக்கான தனிப் பாதையான ஸ்டாண்டர்ட் எரருக்கு மாற்றினால் அந்தச் சிக்கல் தீரும். ஆனால் பெரும்பாலான சர்வர்களில் அதுவும் லாக்கில்தான் போய்ச் சேர்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி லாக்குகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டியிருப்பதால், பிழை தேடுவதற்கான டீபக் வரியோடு கசிந்த வாடிக்கையாளரின் கைபேசி எண்ணும் அவ்வளவு நாள் அங்கே கிடக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் சட்டம் வந்த பிறகு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், நீங்கள் அல்ல.

வழி புதிதல்ல. லைப்ரரிகள், எதையும் எழுதாத நல்ஹேண்ட்லரைத் தவிர, லாக்கை வெளியே அனுப்பும் வேறு ஹேண்ட்லர் எதையும் சேர்க்க வேண்டாம் என்று பைத்தான் ஆவணமே அறிவுறுத்துகிறது. டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்கியூலைட், நாம் கால்பேக் (செய்தி வரும்போது லைப்ரரி அழைக்க வேண்டிய நம் ஃபங்ஷன்) கொடுத்தாலொழிய பிழை லாக் எதையும் எழுதுவதில்லை. வீடியோ, ஆடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக்கும் கால்பேக் வசதி தருகிறது, ஆனால் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) முழுவதற்கும் ஒன்றே ஒன்று. ஒரே புராசஸில் இரண்டு பாகங்கள் அதைப் பயன்படுத்தினால், பின்னால் வந்தது முன்னதன் கால்பேக்கை ஓசையின்றி அழித்துவிடும். (பிழையைக் கண்டுபிடிப்பவரின் பாடு சொல்லி மாளாது.) ஆகவே ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் (லைப்ரரியின் ஒவ்வொரு தனிப் பயன்பாட்டுக்கும்) தனிக் கால்பேக், அதனுடன் எங்கள் கான்டெக்ஸ்ட் பாயின்டர் (செய்தி எந்தப் பாகத்துக்கு உரியது என்று எங்களுக்குக் காட்டும் குறி), எதுவும் தராதபோது முழு மௌனம் என்று அமைத்தால் போதும். ஒரு லாக் லெவல் (செய்தியின் முக்கியத்துவ நிலை) அணைந்திருக்கையில் அதற்கான லாக் வாக்கியத்தைக் கட்டும் வேலையையும் தவிர்த்தால் வேகமும் மிஞ்சும்.

எந்த நிலையிலும் நிரலை நிறுத்தும் அதிகாரத்தை லாக் செய்யும் ஃபங்ஷனுக்குத் தராதீர்கள். பிழையை எங்களுக்கு ரிட்டர்ன் செய்யுங்கள்.

ஏபிஐ (எங்கள் நிரல் உங்கள் லைப்ரரியை அழைக்கும் முறை) எப்படி இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவுசெய்து உங்கள் திட்டப் பக்கத்தின் இஷ்யூவில் எழுதுங்கள்; அதற்கான நிரல் திருத்தமான பேட்ச்சையும் டெஸ்ட்டுகளையும் எழுதி அனுப்புவது எங்கள் பொறுப்பு.