நனைந்த கட்டுகளும் நந்தனமும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரி 21 அன்று முடிந்தது. மிச்சப் பிரதிகளை எண்ணி அடுக்கி, இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் 4, 2023. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் பதிப்பகக் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்தது. கிடங்கு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, அவ்வளவுதான். கீழ் அடுக்குகளில் இருந்த 1,100 பிரதிகள் போயின. பூச்சில்லாத மேப்லித்தோ தாள் என்றால் மின்விசிறிக்கு அடியில் விரித்து ஓரளவு காயவைக்கலாம். வழவழப்பான பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட சிறுவர் நூல்களோ ஒவ்வொன்றும் ஒரு பலகையாக ஒட்டிக்கொண்டன. ஈரம் என்று பழைய பேப்பர் கடைக்காரர்கூட எடுக்க மறுத்துவிட்டார். அதுவரை தாங்கிய எனக்கு அந்த இடத்தில்தான் அழுகை வந்தது. தரையில் இருந்த கணினியும் போயிற்று.

காட்சி தொடங்க 30 நாள். "இந்த வருஷம் விட்டுடலாம்" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பக்க வடிவமைப்பு செய்யும் அக்காவிடமிருந்து ஒரே வரியில் பதில்: "பேஜ்மேக்கர் ஃபைல் எல்லாம் எங்கிட்ட இருக்கு." பேஜ்மேக்கர் என்பது பக்கம் வடிவமைக்கும் மென்பொருள். ஒவ்வொரு நூலும் அச்சுக்குப் போகும் அன்றே ஒரு நகல் எடுத்துவைப்பது அவர் வழக்கம். அதை எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள் அக்கா.

கோப்பு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. புதுக் கணினிக்காகப் பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றியதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் பிரிந்து நின்றன. அத்தனை பக்கங்களையும் மறுபடி முதலிலிருந்து படித்தவர் எங்கள் டீச்சர். பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டிலும் நான்கு நாள் கரண்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கில் மெய்ப்பு பார்த்துவிட்டு, "சந்திப்பிழை இருட்டிலயும் தெரியும்ப்பா" என்றார்.

ஒரு நூல் மட்டும் அக்காவிடமும் இல்லை. அது அவர் எங்களோடு சேர்வதற்கு முன்பு வந்தது. கையிருப்பில் இருந்ததும் தண்ணீரில் போய்விட்டது. யாரிடமாவது பிரதி உண்டா என்று கேட்டதும் கரூரிலிருந்து ஒரு வாசகர் தன்னுடையதை அனுப்பினார். முதல் பக்கத்தில் ஆசிரியரின் கையெழுத்து. முதுகைப் பிரித்தால்தான் ஸ்கேன் நேராக வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பிரிச்சுக்குங்க சார், புதுசு வந்ததும் ஒண்ணு அனுப்புங்க" என்றார். பிரித்தபோதுதான் பார்த்தோம், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. நாங்கள் தவறவிட்ட 14 அச்சுப்பிழைகளை அவர் எப்போதோ திருத்தி வைத்திருந்தார்! டீச்சருக்குக் கொஞ்சம் கோபம், நிறைய மகிழ்ச்சி. புதுப் பதிப்பு அந்தத் திருத்தங்களோடுதான் வந்திருக்கிறது.

அட்டை வடிவமைக்கும் தம்பி மூன்று அட்டைகளைப் புதிதாக வரைந்து, சொன்ன தேதிக்கு முன்பே கொடுத்தார். அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் முறையில் 500 அடிக்கக் காசு இல்லை. ஒன்பது நூல்களையும் தேவைக்கேற்பக் கொஞ்சமாக அச்சிடும் பிஓடி முறையில் ஐம்பது ஐம்பதாக அடித்தோம். அதில் ஒரு பிரதியின் அடக்கவிலை எகிறிவிடும், ஆனாலும் பழைய விலைக்கே விற்றோம். அதனால் லாபம் என்று ஒன்றும் இல்லை. முன்பணம் கேட்காமல் அச்சடித்துத் தந்த ராயப்பேட்டை அண்ணனுக்குப் பாதி கொடுத்தாயிற்று. மீதி மார்ச்சுக்குள் வந்துவிடும் அண்ணே.

எங்களுக்கென்று தனி அரங்கு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் இரண்டு பதிப்பக நண்பர்கள் தங்கள் அரங்கில் ஆளுக்கு ஓர் அடுக்கை ஒதுக்கித் தந்தார்கள். ஒருவர் விற்பனைக் கழிவே (கமிஷன்) வேண்டாம் என்றுவிட்டார். மழையால் காட்சிக்கு ஜனவரி 8 அன்று விடுமுறை விட்டபோது, எங்கள் கட்டுகளை முதலில் தூக்கி மேசைமேல் வைத்தானாம் அவருடைய கடைப்பையன். தன் முதலாளியின் புத்தகங்களை அப்புறம்தான் தூக்கினானாம். தம்பி, நீ அடிக்கடி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த அந்தச் சிறுகதைத் தொகுப்பை உன் பெயர் எழுதி அரங்கிலேயே கொடுத்திருக்கிறேன்.

450 பிரதிகளில் 382 விற்றன. இப்படி நூலுக்கு உழைத்தவர்கள் பெயரெல்லாம் நூல் விவரப் பக்கத்தில் கடுகளவு எழுத்தில் வரும், யாரும் படிப்பதில்லை. அடுத்த பதிப்பிலிருந்து அதைத் தலைப்புப் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம். அக்கா மட்டும் இடம் போதாது என்கிறார்.

கரூர் நண்பரே, உங்கள் பழைய பிரதியைத் தையல் போட்டு, காலிகோ துணி ஒட்டி பைண்ட் செய்திருக்கிறோம். கையெழுத்துப் பக்கம் பத்திரம். புதியதும் அதுவும் ஒரே பார்சலில் நேற்று கிளம்பிவிட்டன.

நன்றியுடன்,
உங்கள் பதிப்பாளன்