வேஷம் வேண்டாம், உடுப்பு போதும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில் உள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் 1, கேரள மாநிலம் உருவான கேரளப் பிறவி நாளுக்காகப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பும் சுற்றறிக்கையில் ‘கேரளீய வேஷம்’ என்று எழுதியிருக்கும். மலையாளத்தில் வேஷம் என்றால் உடுப்பு. அதையே தமிழ் வகுப்பில் ‘வேஷம் அணிந்து வரவும்’ என்று வாசித்தால், பிள்ளைகள் காதில் அது மாறுவேடப் போட்டி என்றுதான் விழும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஓலைக்குடையும் ஒட்டுமீசையுமாக ஓணத்து மாவேலி ராஜாவாக வந்து நின்றால் குற்றம் அவனுடையதல்ல. தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் தையல் மெஷின் மிதிக்கிறவர்களும் சேலை கட்டிவிடுகிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. போட்டோவுக்கு நிற்கும் பத்து நிமிடத்தை மனதில் வைத்து உடையைச் சொல்லாதீர்கள். காலை எட்டு மணிக்குக் கட்டி, பஸ் ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, கக்கூஸ் போய், சாயங்காலம் நாலரைக்கு வீடு திரும்புகிற பிள்ளையை நினைத்துச் சொல்லுங்கள்.

முதலில் நாள் கணக்கு. பத்து நாள் முன்பு சொன்னால் போதும் என்று நினைக்கிறீர்கள். போதாது. அந்தச் சமயம்தான் தீபாவளித் தையல் குவிந்து கிடக்கும். 2024இல் அக்டோபர் 31 தீபாவளி, மறுநாளே கேரளப் பிறவி. அந்த மாதிரி வருஷங்களில் கடைசிப் பதினைந்து நாள் எந்தக் கடையிலும் புது ரவிக்கை எடுக்க மாட்டார்கள். தாய்மார் வேறு வழியில்லாமல் பொள்ளாச்சிக்குப் போய், அளவு சேராத ரெடிமேடை வாங்கிவந்து, அதைப் பிரித்துத் தைக்கச் சொல்லி எங்களிடமே நிற்பார்கள். செப்டம்பர் கடைசியில் அறிவித்துவிட்டால் இந்த அல்லாட்டம் இல்லை.

ஓணத்துக்குத் தைத்த ரவிக்கையையே போடட்டும் என்று சொல்வது நியாயம்தான். ஆனால் பதின்மூன்று பதினான்கு வயதில் இரண்டே மாதத்தில் தோளும் மார்பும் மாறிவிடும். தைக்கக் கொடுக்கும்போதே, பக்கத் தையலில் இரண்டு புறமும் ஒரு அங்குலம் உள்ளே விட்டு, கால் அங்குல இடைவெளியில் மூன்று வரி ஓட்டச் சொல்ல வேண்டும். இறுகினால் உள்வரியைப் பிரித்துவிட்டால் போதும். கொக்கி முன்பக்கம் இருக்கட்டும். பின்கொக்கி வைத்தால், பிள்ளை பள்ளியில் வேறொருத்தியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டும்.

இனி எந்த உடை என்ற கேள்வி. பெண் பிள்ளைகளுக்கு எங்கள் முதல் தேர்வு பாவாடை தாவணி. ‘அது தமிழ்நாட்டு உடையாயிற்றே’ என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேரளத்திலும் பட்டுப்பாவாடையும் தாவணியும் கட்டி வளர்ந்த தலைமுறைகள் உண்டு. ஆந்திராவில் இதே உடுப்புக்கு லங்கா ஓணி என்று பெயர். 1956 நவம்பர் 1க்கு முன்பு இந்தச் சித்தூர் தாலூகா திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது, பக்கத்துப் பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கோட்டைப் பார்த்துத் துணி கட்டியவர்கள் யாருமில்லை.

புதுசு வாங்கவும் வேண்டாம். அம்மாவின் ஐந்தரை மீட்டர் சேலையை வெட்டாமலே தாவணி செட் ஆக்கலாம். பிள்ளையின் இடுப்பு 28 அங்குலம் என்று வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற 4 அங்குலம் சேர்த்தால் 32. ஒரு அங்குல மடிப்பு விழ மூன்று அங்குலத் துணி பிடிக்கும். ஆக 96 அங்குலம், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். முந்தானை இல்லாத முனையிலிருந்து தொடங்கி, மடிப்பு மடிப்பாக ஒரு பருத்தி நாடாவில் கையால் நூலோட்டி இணைத்துவிடுங்கள். மீதி மூன்று மீட்டர் முந்தானையோடு அப்படியே முதுகைச் சுற்றி, வலப்பக்கமாக முன்னே வந்து, இடது தோளில் ஏறி தாவணி ஆகிவிடும். மறுநாள் நூலை உருவினால் சேலை சேலையாகவே இருக்கும். சேலை அகலம் 46 அங்குலம், பாவாடை நீளம் 38 என்றால், மிச்சம் 8 அங்குலத்தை மேலோரத்தில் உள்பக்கமாக மடித்துக்கொண்டு அதன்பிறகு மடிப்பு எடுக்க வேண்டும். கரை கீழேயே இருக்க வேண்டும். கீழே மடித்தால் கரை மறைந்துவிடும், கால் தடுக்கும். கனத்த காஞ்சிபுரத்தில் இது சரிவராது, இடுப்பு மூட்டை கட்டினாற்போல் தடிக்கும். சுங்குடியிலோ பக்கத்து நெகமம் பருத்தியிலோ செய்து பாருங்கள், அழகாக விழும். கீழோரம் தரையிலிருந்து இரண்டு விரல் மேலே நிற்கட்டும். தரை தொட்டால் படிக்கட்டில் தன் பாவாடையைத் தானே மிதித்து விழுவாள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் ஊர் விஷயம். வாளையார்ப் பக்கமிருந்து அடிக்க ஆரம்பித்தால் தாவணி தோளில் நிற்காது. தோளில் ஒன்று, வலது இடுப்பில் ஒன்று, முதுகுப்பக்கம் இடுப்பில் ஒன்று, இப்படி மூன்று ஊக்கு கட்டாயம் வேண்டும். தோள் ஊக்கை ரவிக்கையின் உள்பக்கமிருந்து, தோள்தையலின் தடிப்பில் குத்த வேண்டும். வெறும் துணியில் குத்தினால், பை மாட்டி இழுக்கும்போது கிழியும். ஊக்கின் சுருளில் நூல் சிக்காமலிருக்க, குத்துமுன் ஒரு சிறிய பாசிமணியைக் கோத்துச் சுருள்வரை தள்ளிவிட்டால் போதும், காலணாச் செலவில்லை. அன்றைக்குப் பள்ளிப் பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடிக்கச் சொல்லிவிடுங்கள்.

செட்டுமுண்டு, அதாவது இடுப்பில் கட்டும் முண்டும் மேலே போடும் நேரியதுமான இரண்டு துண்டு உடை, வேண்டும் என்றால் அதற்கும் முறை உண்டு. முண்டும் நேரியதும் தலா சுமார் 2.8 மீட்டர். புதுக் கைத்தறியில் கஞ்சி விறைப்பு இருக்கும், இடுப்பில் பிடிமானம் கிடைக்காமல் நழுவிக்கொண்டே வரும். ஒருமுறை தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, லேசாக இஸ்திரி போட்டபின் கட்டினால் நிற்கும். கசவின் (ஜரிகைக் கரையின்) மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். விலை குறைந்த துணிகளில் ஜரிகை பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை, சூட்டில் சுருங்கிக் கரை அலை அலையாகிவிடும். மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டுத் தேய்க்கணும். ஸ்ப்ரே சென்ட்டை ஜரிகை மேல் அடித்தால் கறுக்கும். உள்பாவாடை துணியின் அதே சந்தன வெள்ளையில் இருக்க வேண்டும். சிவப்போ நீலமோ கட்டினால் தெருமுழுக்கத் தெரியும். வாங்குவதென்றால் திருவில்வாமலை அருகே குத்தாம்புள்ளியில் தேவாங்கர்கள் நெய்வது இருக்கிறது, பாலராமபுரம் சேந்தமங்கலம் துணிகளும் கிடைக்கும்.

ஆனால் செட்டுமுண்டைக் கட்டாயமாக்காதீர்கள். அதற்கு ஒரு காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறோம். பதின்வயதுப் பெண்களுக்கு மாதவிலக்கு நாள் சுற்றறிக்கையைப் பார்த்து வருவதில்லை. உடல் முழுக்க வெளிர்நிறத்தில் சுற்றிக்கொண்டு ஏழெட்டு மணி நேரம் மரப் பெஞ்சில் உட்காரச் சொன்னால், அவள் அன்று லீவு போடுவாள், அல்லது நாள் முழுக்க எழுந்திருக்காமல் இருப்பாள். ‘அடர்நிறத்தில் வரலாம்’ என்று ஒரு வரி சேர்த்தால், யாரும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ராவுத்தர் (தமிழ் முஸ்லிம்) வீட்டுப் பெண்களுக்குப் பாவாடை தாவணி பழக்கமில்லாததல்ல. முழுக்கை ரவிக்கை தைத்து, தாவணியை அரை மீட்டர் கூடுதல் நீளமாக எடுத்தால் அதே துணி முக்காடாகவும் ஆகும். சிரியன் கிறித்தவர் வீட்டில் பாட்டியின் சட்டையும் முண்டும் பெட்டியில் இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? பின்னால் விசிறி மாதிரி விழும் அந்த ஞொறிவு மடிப்பை எடுக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

பையன்கள் விஷயம் சுலபம். நாலு முழ வேட்டி ஒற்றைச் சுற்று, மெல்லியது. உள்ளே அரைக்கால் சட்டை தெரியும். எட்டு முழத்தை இரட்டையாக மடித்துக் கட்டினால் அந்தக் கவலை இல்லை. இடுப்பில் இரண்டு சுருட்டு சுருட்டி, மேலே ஒரு பெல்ட். வெல்க்ரோ வேட்டியும் நல்லதுதான், ஆனால் நூலும் தூசியும் சேர்ந்த பழைய வெல்க்ரோ திடீரென்று விட்டுவிடும். முந்தின நாளே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட வேண்டும். பஞ்சகச்சம் வேண்டவே வேண்டாம். அவசரத்துக்குக் கழற்றினால் திரும்பக் கட்டிவிட யாரிருக்கிறார்கள்?

ஒன்றை மட்டும் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். முகத்தில் கரி பூசி, இடுப்பில் இலைதழை கட்டி ‘ஆதிவாசி’ என்று மேடையேற்றுவது. இருளர், மலசர், எரவாளர் வீட்டுப் பிள்ளைகள் நம் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள்; கீழே உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரும் இலை கட்டிக்கொண்டு திரிவதில்லை. இதற்குத் தழை தைத்துக் கொடுக்கச் சொல்லி வந்தால் நாங்கள் தைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

பரிசு கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுத்தால், வாடகைக் கவரிங் நகையின் எடைக்குக் கொடுக்க வேண்டாம். துணி எந்த ஊர் நெசவு, யார் கட்டிவிட்டார்கள் என்று பிள்ளை சொல்லட்டும், அதைக் கேட்டுக் கொடுங்கள்.

அன்றைக்கு ஆசிரியர் அறையில் ஒரு டப்பா வைத்தால் நல்லது: ஊக்கு ஐம்பது, வெள்ளை கறுப்பு நூல், இரண்டு ஊசி, நாடா ஐந்து மீட்டர், கத்தரி, சானிட்டரி நாப்கின் ஒரு பாக்கெட், அவிழ்ந்துபோனால் மாற்றிக்கொள்ள இரண்டு யூனிஃபார்ம். ஐப்பசி மழை நேரம், ஆகவே போட்டோவைக் காலை பத்துக்குள் எடுத்து முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் மாற்றுடை போட்டுக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

சுற்றறிக்கையைத் தமிழிலும் அடியுங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்: ‘உங்கள் வீட்டில் விசேஷ நாளில் உடுத்தும் உடையில் வரலாம். புதிதாக வாங்க வேண்டாம். எந்த நிறமும் சரி.’

இப்படிக்கு,
எல்லையோரத் தையற்காரர்களும் சேலை கட்டிவிடுகிறவர்களும்