இறக்கிய ஆயிலை எங்கே கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் என்ஜின் ஆயிலை வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம். கையேட்டில் சொன்ன தரத்து ஆயில்தான் ஊற்றப்பட்டதா, ஃபில்டரை மாற்றினார்களா, ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார்களா என்ற ஐயங்களுக்கு அங்கே இடமில்லை. என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, இளஞ்சூட்டில் ஆயிலை இறக்குகிற அளவுக்குக் கவனமுள்ளவர்கள்கூட, இறக்கியதை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதுதான் என் வருத்தம்.

சிறிய கார் ஒன்றிலிருந்து 3 முதல் 4 லிட்டர் வரை கழிவு ஆயில் வரும். அதைத் தெருச் சாக்கடையான வாறுகாலில் ஊற்றிவிடுகிறார்கள். கரையான் அண்டாது என்று உத்திரத்திலும் வேலிக் கம்பிலும் பூசுகிறார்கள். கொசு ஒழியட்டும் என்று தேங்கிய நீரில் விடுகிறார்கள். என்ஜினுக்குள் உராய்ந்த உலோகத் துகள்களும், எரிபொருள் எரிகையில் உண்டாகும், புற்றுநோயைத் தூண்டக்கூடிய சேர்மங்களும் அந்தக் கருத்த ஆயிலில் கலந்திருக்கின்றன. வாறுகாலில் ஊற்றியது ஐப்பசி மழையில் நம் நெல்லையின் பாளையங்கால்வாய்க்கோ நயினார்குளத்துக்கோ போய்ச் சேர்ந்தால், நீர்மேல் ஏடாகப் படர்ந்து காற்று கலப்பதைத் தடுக்கும். வயலில் பாய்ந்தால் மண்ணில் தங்கிவிடும். நெல்லைக்கு மட்டுமல்லாமல் தூத்துக்குடிக்கும் குடிநீர் தருகிற தாமிரபரணியில் இது கலப்பதை நாம் பொறுத்துக்கொள்ளலாகாது.

இத்தனைக்கும் கழிவு ஆயில் வீண்பொருள் அன்று. முறையாகச் சுத்திகரித்தால் அதிலிருந்து, என்ஜின் ஆயில் தயாரிக்க மூலப்பொருளான அடிப்படை எண்ணெயை மீண்டும் எடுக்கலாம். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகள், அதை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை லூப்ரிகன்ட் (மசகு எண்ணெய்) உற்பத்தியாளர்கள்மீதும் இறக்குமதியாளர்கள்மீதும் சுமத்தியுள்ளன. வீடுகளில் சேரும் அபாயக் கழிவுகளுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. ஆனால், ஒரு கேன் ஆயிலைக் கையில் வைத்திருப்பவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரிவதில்லை.

ஆகவே, தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய 4 மண்டல அலுவலகங்களிலும் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து, சேர்வதை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். குப்பை வாங்க வீடு தேடி வரும் தூய்மைப் பணியாளர்கள் தலையில் இதைச் சுமத்தக் கூடாது. புது ஆயில் விற்கும் கடைக்காரர்களும் பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் பேருதவியாக இருக்கும்.

அதுவரை, சக வாகன உரிமையாளர்கள் இறக்கிய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, இறுக மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைப்பது ஆபத்து. கூலன்ட், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் அதனுடன் கலக்கக் கூடாது; கலந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது. பழைய ஃபில்டரிலும் ஆயில் தேங்கியிருக்கும் என்பதால், அதையும் தலைகீழாகக் கவிழ்த்து முழுவதும் வடியவிட்டு, வடிந்த ஆயிலை அதே கேனில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.