ஆண்டறிக்கை: நம் வாசகர் மன்றமும் சனிக்கிழமை ஆங்கில எழுத்து வகுப்பும்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வகுப்புப் பிள்ளைகளே, அவர்களோடு வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, மழையால் ஒன்று மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. நூல் அறிமுகங்களும் கோடை விடுமுறைக் கதைசொல்லலும் சென்ற ஆண்டைப் போலவே நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். என் அறிக்கையின் பெரும்பகுதி, நூலக மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நாம் நடத்திவரும் ஆங்கில எழுத்து வகுப்பைப் பற்றியது. இந்த ஆண்டு நம் நேரத்தையும் அக்கறையையும் அதிகம் வாங்கிக்கொண்டது அதுதான்.

தமிழ் மன்றம் ஆங்கில வகுப்பு நடத்தலாமா என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வகுப்புக்கு வருகிறவர்களைப் பார்த்தால் தேவை புரியும். வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப்போகும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதிக்கு ஒரு மணி நேரம். அதில் 40 நிமிடத்தை 250 சொல்லுக்குக் குறையாத கட்டுரைக்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். முதல் வினாவைவிட அந்தக் கட்டுரைக்கு இரண்டு மடங்கு மதிப்பு. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும் வருகிறார்கள். அங்கே கட்டுரைத் தாளைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் 300 மதிப்பெண் ஆங்கிலத் தகுதித் தாளில் 25 விழுக்காடு வாங்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். நீடாமங்கலத்திலிருந்தும் வடுவூரிலிருந்தும் பஸ் பிடித்து மன்னார்குடி வரும் இந்தப் பிள்ளைகளுக்கு, பயிற்சி மையத்தில் பணம் கட்ட முடியாத நிலை. அவர்களுக்காகத்தான் தொடங்கினோம்.

தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். முதல் இரண்டு மாதம் இலக்கணத்தையே நடத்தினோம். நோட்டுகளை வாங்கி, தவறு கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு மையால் திருத்தினோம். ஒரு பக்கம் திருத்தி முடித்தால் பக்கமே சிவப்பாக இருக்கும். நன்றாக எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் வருவதையே நிறுத்திவிட்டார். அவர் வீட்டுக்குப் போய்ப் பேசி, திரும்ப அழைத்துவந்தோம். அப்புறம் முறையை மாற்றினோம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பத்தி. நோட்டின் இடப்பக்கம் முதல் வரைவு, வலப்பக்கம் திருத்தி எழுதியது. ஆசிரியர் ஒரு தடவைக்கு ஒரு குறையை மட்டுமே சொல்வார். அதன் பிறகு யாரும் வருவதை நிறுத்தவில்லை.

அதே பெண் ஹரித்ராநதியைப் பற்றி எழுதிய பத்தியை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் வரைவில் எட்டு வாக்கியம். குளம் மன்னார்குடியில் இருக்கிறது. பரப்பு 23 ஏக்கர். நடுவில் சிறு கோயில். ஆனியில் ராஜகோபாலசுவாமி தெப்பம். மாலையில் மக்கள் நடக்கிறார்கள். சிலர் பிளாஸ்டிக் போடுகிறார்கள். நீர் இன்றியமையாதது. நாம் காக்க வேண்டும். இலக்கணப் பிழை ஏறக்குறைய இல்லை. ஆனாலும் எட்டும் எட்டுத் திசையில் நின்றன. "இதுல நீ என்னம்மா சொல்ல வர்ற?" என்று ஆசிரியர் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயங்காலம் ஆனா ஊர்ல பாதிப் பேர் அந்தக் குளத்தைச் சுத்தித்தான் சார் இருப்பாங்க" என்றார். "அதையே முதல் வரியா எழுது."

எழுதினார். அந்த வரி பத்தியின் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், எது இருக்கலாம், எது வெளியே போக வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. 23 ஏக்கர் தங்கியது, ஒரு சுற்று நடந்தாலே நல்ல நடை என்பதற்கு அது சான்று. தெப்பமும் தங்கியது, ஆண்டுக்கொரு முறை சாமிக்காகக் கூடும் கூட்டம் தினமும் காற்றுக்காகக் கூடுகிறது என்று. பிளாஸ்டிக் அடுத்த பத்திக்குப் போனது. நீரின் இன்றியமையாமை போயே போய்விட்டது. அந்த வலப்பக்கத்தைத்தான் நகலெடுத்து இன்று வாசலில் ஒட்டியிருக்கிறோம். பாருங்கள்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் பிள்ளைகளின் அறிவுக்குறை என்று நான் எண்ணவில்லை. பள்ளியில் தமிழ்க் கட்டுரையை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்பு போட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். இந்தப் பகுதி எதைப் பற்றியது என்பதை உட்தலைப்பே சொல்லிவிடும். ஆங்கிலக் கட்டுரையில் உட்தலைப்பு வழக்கமில்லை. அந்த வேலையைப் பத்தியின் முதல் வாக்கியம் செய்ய வேண்டும், அதுவும் ஒரு சொல்லாக நிற்காமல் ஒரு கருத்தையே சொல்ல வேண்டும். இன்னொன்று, தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். போய், பார்த்து, கேட்டு, திரும்பிவந்து என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம், வாக்கியம் குலையாது. அதே கோவையை ஆங்கிலத்தில் கமாவும் 'அண்ட்'டும் போட்டு நீட்டினால் குலைந்துவிடும். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' போடுவதும் எல்லோரிடமும் வருகிறது. இரண்டில் ஒன்று போதும் என்பதைப் பலமுறை சொல்லித்தான் நிறுத்தினோம்.

வகுப்பின் போக்கையே மாற்றியவர், கேள்வி கேட்ட அதே மூத்த உறுப்பினர். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு சனிக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து கரும்பலகையில் பவணந்தி முனிவரின் நன்னூலிலிருந்து, ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் எழுதினார். அவற்றில் சில: மற்றொன்று விரித்தல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல். "நீங்க இவ்வளவு நேரம் இங்கிலீஷ்ல சொன்னது இதுதானே?" என்றார். அதேதான். ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின் 1866இல் ஆங்கிலப் பத்திக்கு விதிகள் வகுத்தபோது, ஒரு பத்தி ஒரே நோக்கத்தில் நிற்க வேண்டும், விலகிப் போகக் கூடாது என்றார். அந்த விலகலுக்கு மற்றொன்று விரித்தல் என்று நம்மிடம் அவருக்கு ஆறு நூற்றாண்டுக்கும் முன்பே பெயர் இருந்திருக்கிறது. எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது.

அன்றிலிருந்து பிள்ளைகள் ஒருவர் நோட்டை ஒருவர் பார்த்து ஓரத்தில் பென்சிலால் 'மற்றொன்று', 'கூறியது' என்று குறிக்கிறார்கள். பாதியில் வலுவிழந்து முடியும் கட்டுரைக்குத் 'தேய்ந்தது' என்று குறிப்பு. நன்னூல் சொல்லும் பத்து அழகுகளில் முறையின் வைப்பும், விளங்கும் உதாரணம் தருவதும் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆங்கில வகுப்பு தமிழ்ச் சொற்களால் நடக்கிறது. மூத்த உறுப்பினருக்கு மன்றத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன். அவர் இனி வகுப்பின் ஆலோசகர் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 'இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்' என்று தொடங்கும் தயார்நிலை முன்னுரைகளைச் சிலர் பணம் கொடுத்து வாங்கி மனப்பாடம் செய்ய வைக்கிறீர்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வாளர்கள் மனப்பாட வரிகளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள், அதற்கு மதிப்பெண் கிடைக்காது. தயவுசெய்து வேண்டாம். பிள்ளை ஐந்து நிமிடம் உட்கார்ந்து என்ன சொல்லப்போகிறோம் என்று யோசிக்கட்டும். காகிதம் காலியாக இருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் வீணில்லை.

குறைகளும் உண்டு. ஆசிரியர்கள் இருவரே. ஒருவருக்கு உடல்நலமில்லை என்றால் நோட்டுகள் தேங்கிவிடுகின்றன. பஸ் நேரத்துக்காகச் சிலர் பாதியில் எழுந்துபோக வேண்டியிருக்கிறது. வரும் ஆண்டில் வகுப்பை அரை மணி முன்னதாகத் தொடங்கவும், ஆங்கிலம் நன்கறிந்த உறுப்பினர்கள் மாதம் ஒரு சனிக்கிழமையாவது திருத்த வரவும் கேட்டுக்கொள்கிறோம். நோட்டு வாங்க உதவிய கடைக்காரருக்கும், மாடியைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நூலகப் பணியாளருக்கும் நன்றி.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்