வாயனசாலை (நூலகம்) அறிவியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வார்டு மெம்பர் அவர்களுக்கும், வந்திருக்கும் அக்கா, அண்ணன்மார், பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் அறிக்கை முடிவதற்குள் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டதால், இந்த முறை டீயை முதலிலேயே கொடுத்தாயிற்று.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு நடந்தன. மே மாதம் மட்டும் நடக்கவில்லை. அன்று ஊரில் இரண்டு கல்யாணம், நானும் ஒரு பந்தியில்தான் இருந்தேன். ஜூன் 19, கேரளத்தின் வாசிப்பு நாளுக்குப் பிள்ளைகள் கொழிஞ்சாம்பாறை வரை ஊர்வலம் போனார்கள். வானம் பார்க்க இரவல் வாங்கிய தொலைநோக்கியில் மேகம் பார்த்தோம். கருவி பழுதில்லாமல் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இனி பிப்ரவரி 28. 1928இல் அதே நாளில் ராமன் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார் என்பதால் 1987 முதல் நாடு முழுக்க அறிவியல் தினம் கொண்டாடுகிறார்கள். நாமும் ஒவ்வொரு வருஷமும் மாலை போட்ட படம், வினாடி வினா, மிக்சர் பொட்டலம் என்று முடித்துக்கொள்வோம். இந்த முறை பொள்ளாச்சியிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை அழைத்து, அறிவியல் நம் ஜனங்களிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்லச் சொன்னோம்.

அவர் கோழிக்கோட்டிலிருந்து தொடங்கினார். 1962இல் அங்கே அறிவியல் எழுதுகிற சிலர் கூடி சாஸ்திர சாகித்ய பரிஷத்தைத் தொடங்கியபோது, அவர்கள் கவலையெல்லாம் மலையாளத்தில் அறிவியலை எழுதுவது எப்படி என்பதுதான். பத்திரிகை, புத்தகம், வகுப்பு என்று போனது. அப்புறம் நம் பாலக்காடு மாவட்டத்துக் குந்திப் புழை ஆற்றில் அணை கட்டும் திட்டம் வந்தது. எவ்வளவு மின்சாரம் கிடைக்கும், எவ்வளவு காடு போகும், அந்த மின்சாரத்துக்கு வேறு வழி உண்டா என்று அவர்கள் கணக்குப் போட்டு ஊர் ஊராகப் பேசினார்கள். இன்ஜினீயர் அல்லாதவர்களும் யூனிட் கணக்குப் பேச ஆரம்பித்தார்கள். அணை கைவிடப்பட்டு, 1984இல் அந்தச் சைலன்ட் வேலிக் காடு தேசியப் பூங்கா ஆனது.

மேற்கே இது நடக்கும்போது கிழக்கே 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. பிள்ளைகளுக்கான துளிர் இதழ் 1987இல் வந்தது. அதே வருஷம் நாட்டின் ஐந்து பக்கத்திலிருந்து அறிவியல் ஜாத்தாக்கள் (பிரசாரப் பயணங்கள்) கிளம்பி போபாலில் போய்ச் சேர்ந்தன. ஏன் போபால் என்று ஒரு பையன் கேட்டான். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்த ஊர் அது என்று பேராசிரியர் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் மிக்சர் பொட்டலத்தைத் தொடவில்லை.

எனக்கு உறைத்தது அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம். பிரிட்டனில் 1985இல் ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை போட்டதாம்: ஜனங்களுக்கு அறிவியல் புரியவில்லை, புரியவைக்க வேண்டும் என்று. அப்புறம் மாட்டுப் பைத்திய நோய் வந்து, ஜனங்களுக்கு அதிகாரிகள் பேச்சிலேயே நம்பிக்கை போனது. 2000இல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று, சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றது. அவ்வளவு தூரம் போவானேன்? பிளாச்சிமடை நம் தாலுக்காதானே. குளிர்பான ஆலை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று முதலில் சொன்னது ஆய்வுக்கூடமா, குடம் தூக்கிய பெண்களா? மயிலம்மா போன்றவர்கள் 2002 ஏப்ரலில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

நாமும் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்த மன்றம்தான். அன்று கூட்டம் முடியும் நேரத்தில், தொழிலுறப்பு (நூறு நாள்) வேலை முடிந்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்தார். "ஏனுங்க தம்பி, எம்பேத்தி பல்லு மஞ்சளடிச்சுப் போச்சு. பல்லு வெளக்கலீன்னு ஸ்கூல்ல வையறாங்க. அவ ரெண்டு வேளையும் வெளக்கறா. தண்ணிதான் காரணம்னு சொல்றாங்க. நீங்க போட்ட நோட்டீஸ் பார்த்து ஆறு மாசமாக் காய்ச்சித்தான் குடுக்கறேன். ஒண்ணும் ஆகலியே?" பேத்தி பக்கத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

அந்த நோட்டீஸ் நான் எழுதியது. காய்ச்சல், பேதிக்காக "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். நம் கிழக்குப் பகுதியின் போர்வெல் தண்ணீரில், பல்லில் கறை ஏற்றும் ஃப்ளோரைடு கூடுதல் என்பது எனக்குத் தெரியாததல்ல. நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை. கிருமி கொதியில் சாகும். ஃப்ளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது, ஆவியாகிப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் கூடத்தான் செய்யும். இதை நான் அயனி, செறிவு என்று விளக்கத் தொடங்கியதும் பாட்டி இடைமறித்தார்: "கொழம்பு சுண்டுனா உப்புக் கரிக்குமே, அதாட்டமா?"

ஆமாம், அதாட்டம்தான். புது நோட்டீஸில் அவர் சொன்னதைத்தான் போட்டிருக்கிறோம்.

மார்ச்சில் பரிசோதனைக் கிட் ஒன்று வாங்கினோம். சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டால் ஃப்ளோரைடு குறைவாக இருக்கும் தண்ணீர் சிவந்தே நிற்கும். கூடக் கூட மஞ்சளுக்குத் திரும்பும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். பிள்ளைகள் வீடு வீடாகப் பாட்டில் வாங்கி வந்தார்கள். பாட்டியின் வீட்டு போர்வெல் மஞ்சள். தெருமுனைப் பழைய கிணறு சிவப்பு. அந்தக் கிணற்றில் நாம்தான் பத்து வருஷமாகக் குப்பை போடுகிறோம். கிட் காட்டுவது தோராயம் என்பதால் மாதிரிகளை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். முடிவுக்கு நான் நான்கு முறை பஸ் ஏற வேண்டியிருந்தது. பேத்தியின் பல்லில் ஏறிய கறை தண்ணீரை மாற்றுவதால் மறையாது, ஆனால் நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதிலிருக்கும் அவள் தம்பிக்கு இப்போதே மாற்றினால் பலன் உண்டு. இதைப் பாட்டியிடம் நேரில் சொன்னது துணைச் செயலாளர் அக்கா. எனக்குத் தைரியம் வரவில்லை.

மொழிச் சிக்கலையும் பதிவு செய்கிறேன். பலருக்குப் பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். அந்தப் பிள்ளைகளுக்கு பிரகாச சம்ஸ்லேஷணம் தெரியும், அதையே தமிழில் ஒளிச்சேர்க்கை என்றால் தெரியாது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மாறு. மலையாள நோட்டீஸை அப்படியே தமிழ் எழுத்தில் மாற்றியதில் "இலவச வெள்ளப் பரிசோதனை" என்று அச்சாகிவிட்டது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்பதால் நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. பொள்ளாச்சிப் பேராசிரியர் போனில் அழைத்து, சித்தூர்ப் புழையில் வெள்ளமா என்று பதறினார். இனி நோட்டீஸ் எதுவும் அச்சுக்குப் போகும்முன் ஒரு பாட்டிக்கும் ஒரு பத்தாம் வகுப்புக்கும் வாசித்துக் காட்டுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கிட்டில் உள்ள மருந்து இந்த மாதத்தோடு காலாவதியாகிறது. புதிது வாங்கவும், தெருமுனைக் கிணற்றைத் தூர்வாரி வலை போடவும் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். தூர்வார ஆள் கூலி தனி. மண்வெட்டி யார் யார் வீட்டில் இருக்கிறது என்று பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.